ஷேலா நாட்குறிப்பு: ஏலக்காய் தேடிய வாரம்

22 அக்டோபர் 2024, செவ்வாய்

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் தலைநகரிலிருந்து காலையில் கிளம்பிய பஸ், மலை ஏறி ஏறி, மாலையில்தான் கெட்சால்தெனாங்கோவுக்கு வந்து சேர்ந்தது. பஸ்ஸில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் இது ஷேலாதான். ஷேலாஹூ என்ற பழைய மாயா பெயரின் சுருக்கம். கடல் மட்டத்திலிருந்து 2,330 மீட்டர். உதகையைவிடச் சற்று உயரம். இறங்கியதுமே காது மடல் விறைத்துப்போனது.

மூன்று வாரம் ஸ்பானிய மொழி படிக்கப்போகிறேன். இங்கே ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர். தங்குவது ஒரு குடும்பத்தோடு. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் மரியாதையாக 'தோன்யா' என்கிறார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். கதவைத் திறந்தவர் சில்லிட்டிருந்த என் விரல்களைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டு, அதன் பிறகே பெயரைக் கேட்டார்.

24 அக்டோபர், வியாழன்

வியாழக்கிழமை என்றால் இந்த ஊரில் பாச்செஸ். மசித்த உருளைக்கிழங்கில் மிளகாயும் தக்காளியும் அரைத்த சாந்தைக் கலந்து, நடுவில் ஒரு துண்டு இறைச்சி வைத்து, அகலமான இலையில் பொதிந்து அவித்தெடுக்கிறார்கள். பொதியைப் பிரித்ததும் எழுந்த ஆவியில் இலை வாசனைதான் முதலில் வந்தது. இலையில் ஒட்டியிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டேன்.

சாப்பாட்டைவிட மனதில் நின்றது வேறொன்று. முதலில் சாப்பிட்டு முடித்த பேரன், எழுந்து நின்று எங்கள் எல்லோரையும் பார்த்து 'கிராசியாஸ்' என்றான். நன்றி. உடனே மேசையிலிருந்த அத்தனை பேரும் 'புவேன் புரோவேச்சோ' என்றார்கள்: சாப்பிட்டது உடம்பில் நன்றாகச் சேரட்டும். அவனுக்கு ஒன்பது வயது. சமைத்த பாட்டிக்கு மட்டும் அல்ல, கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த நன்றி. சாப்பாட்டுக் கடைகளிலும் இதைக் கவனித்தேன். நம் மேசையைக் கடந்து போகும் முன்பின் தெரியாதவர்கூட 'புவேன் புரோவேச்சோ' சொல்லாமல் போவதில்லை.

பிற்பகல் வகுப்பில் ஆசிரியை ஜன்னல் வழியாகச் சாந்தா மரியா எரிமலையைக் காட்டினார். 1902இல் இதே அக்டோபர் 24 அன்றுதான் அது வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஆசிரியையின் கொள்ளுப்பாட்டி பகலிலேயே விளக்கேற்றி வைத்தாராம். ஆசிரியை வீட்டில் இன்றும் அதைச் சொல்கிறார்கள். 1922இல் அதே மலையின் இடுப்பில் முளைத்த சாந்தியாகீத்தோ இன்றுவரை புகைந்துகொண்டிருக்கிறது.

26 அக்டோபர், சனி

பக்கத்திலிருக்கும் அல்மொலோங்காவுக்குக் காய்கறிச் சந்தை பார்க்கப் போனேன். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்த பஸ்களுக்குத்தான் இங்கே வண்ணம் பூசி ஓட்டுகிறார்கள். இரண்டு குழந்தைகளுக்கான இருக்கையில் மூன்று பெரியவர்கள். இருபது கெட்சால் நோட்டை வாங்கிய நடத்துநர் மீதி தராமல் நகர்ந்தார். என் பக்கத்தில், பூவேலை செய்த மேல்சட்டை அணிந்து கூடையை மடியில் வைத்திருந்த கிச்சே மாயா பெண்மணி, குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மீதி வந்தது.

கிச்சே மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னேன்: 'மல்தியோஷ்.' நன்றி. அவர் முழுதாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்தச் சொல்லை மெல்லச் சொல்லிக்காட்டி, நான் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. அவர் கூடையில் இருந்தது நம் சௌசௌ! இங்கே குயிஸ்கில் என்கிறார்கள். கூட்டும் பொரியலுமாக நாம் சமைத்துத் தீர்க்கும் அந்தக் காய்க்குப் பிறந்த வீடு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்தான். எங்கள் வீட்டிலும் இது உண்டு என்றேன். 'அங்கேயுமா?' என்று கேட்டு, கூடையிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

இரவு திரும்பும்போது சில வீட்டு வாசல்களில் சிவப்பு விளக்கு எரிந்தது. சனிக்கிழமை, இந்த வீட்டில் தமால், அதாவது சோள மாவை இலையில் பொதிந்து அவித்தது, விற்கப்படுகிறது என்பதற்கு அடையாளமாம்.

30 அக்டோபர், புதன்

நாளை தீபாவளி. தோன்யாவுக்குப் பாயசம் வைத்துக் கொடுக்க வேண்டும். அரிசி, பால், எல்லாம் இருக்கிறது. வெல்லத்துக்குப் பனேலா, நிறமும் மணமும் அதேதான். ஏலக்காய்தான் இல்லை.

உலகத்திலேயே மிக அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு இது. லா தெமொக்ராசியா சந்தையில் கடை கடையாகக் கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே தொடக்கம்: 'ஃபீஹெசே கே...' 'பாருங்களேன்' என்று தமிழில் சொல்லலாம். இந்தச் சொற்கள் வந்தாலே பின்னால் ஓர் 'இல்லை' வருகிறது என்று அர்த்தம். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், தையற்காரர் துணியைத் தைத்து முடிக்காவிட்டாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். முகத்துக்கு நேரே 'இல்லை' என்று அடித்துச் சொல்ல அவர்களுக்கு மனம் வருவதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. ஏழாவது 'ஃபீஹெசே கே'யிலும் எனக்கு அலுப்பு வரவில்லை.

கடைசியில் மூலிகைக் கடை ஒன்றில் கிடைத்தது. வயிற்றுக் கோளாறுக்கென்று சின்னப் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரப் பெண் ஆல்தா வெராபாஸ் மாவட்டத்துக்காரர். ஏலத் தோட்டங்கள் நிறைந்த வடக்குப் பகுதி. சிறு வயதில் காய் பறித்தவராம். சொல்லிக்கொண்டே குனிந்து காட்டினார். காய் செடியின் உச்சியில் இல்லை, அடியில் தரையை ஒட்டிக் கொத்தாகக் காய்க்கும்; ஈர மண்ணில் குந்தி உட்கார்ந்து, முற்றியதை மட்டும் விரலால் தேர்ந்து பறித்துவிட்டு, மற்றதை அடுத்த சுற்றுக்கு விட வேண்டும். 'எடை போட்டு விற்போம். எங்கள் வீட்டுச் சோற்றில் போட்டதே இல்லை' என்றார்.

இதன் பிறந்த வீடு நம் மேற்குத் தொடர்ச்சி மலை. நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானியத் தோட்ட முதலாளிகள் காலத்தில் இங்கே புகுந்தது. இன்று பெரும்பகுதி அரபு நாடுகளின் காப்பிக்குப் போகிறது. பறித்த விரல்களுக்கு அதன் ருசி தெரியாமலே போயிருக்கிறது. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

31 அக்டோபர், வியாழன்

பாச்செஸுக்குப் பின் பாயசம். 'இது எங்கள் அரோஸ் கோன் லெச்சேதானே' என்று வாயில் வைத்த தோன்யா, கரண்டியை இறக்காமல் அப்படியே நிறுத்திவிட்டார். அந்தப் பால் அரிசிப் பாயசத்தில் அவர்கள் பட்டை போடுவார்கள். இது வேறு மணம். எழுந்தபோது எல்லோருக்கும் 'கிராசியாஸ்' சொன்னேன். பதில் ஒரே குரலில் வந்தது.

காலையில் மூலிகைக் கடைப் பெண்ணுக்கும் ஒரு குவளை கொண்டுபோயிருந்தேன். நின்றபடியே குடித்துவிட்டு, அடியில் தங்கிய ஏலப் பொடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. குவளையைக் கழுவித் தந்தார்.

1 நவம்பர், வெள்ளி

புனிதர் அனைவர் திருநாள். தோன்யாவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். நாம் செண்டுமல்லி என்கிற பூவுக்கு இங்கே 'இறந்தோர் பூ' என்று பெயர். வழி நெடுக மஞ்சள். குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நடக்க நடக்க 'புவேன் புரோவேச்சோ' சொல்லிக்கொண்டே போனேன்.

ஒரு மூதாட்டி நிறுத்தி, 'நீங்கள் யாரைப் பார்க்க வந்தீர்கள்?' என்று கேட்டார். இங்கே எனக்கு யாரும் இல்லை என்றேன். அவர் தன் பூக்கட்டைப் பிரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். எதிரே எழுத்து அழிந்துபோன ஒரு கல்லைக் காட்டி, 'ஃபீஹெசே கே, அதற்கும் யாரும் வரவில்லை' என்றார்.

குழாயடியில் தண்ணீர் பிடித்து வந்து கல்லைக் கழுவினேன். அதன் பிறகு பூவை வைத்தேன்.