புகையை விடத் தந்த மாத்திரை

3 பிப்ரவரி 2025

சிகரெட்டை விடுவதற்காக அண்ணனுக்கு வரெனிக்ளின் எழுதிக் கொடுத்திருக்கிறார் மருத்துவர். நான் மருந்தாளுநர் என்பதால் சீட்டு என்னிடம் வந்தது. அதற்கு முன்பே அண்ணியின் கேள்வி வந்துவிட்டது. "தம்பி, இதைச் சாப்பிட்டவங்களுக்குத் தற்கொலை எண்ணம் வருமாமே?" அவர் பயந்ததில் தவறில்லை. அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்ற இம்மருந்தின் குறிப்பேட்டில், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை பற்றிக் எச்சரிக்கைகளிலேயே மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கும்படி அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் கட்டளையிட்டது. புகையை நிறுத்தத் தரும் இன்னொரு மருந்தான பியூப்ரோப்பியானுக்கும் அதே கதிதான். அண்ணி படித்தது அந்தச் செய்தியை. அதற்குப் பின் நடந்தது அவர் கண்ணில் படவில்லை.

4 பிப்ரவரி

அந்தப் பின்கதையை இன்று உட்கார்ந்து சொன்னேன். ஐயத்தைத் தீர்க்க 16 நாடுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்பவர்களிடம் பெரிய ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநோய்க்கு ஆளானவர்கள். 2016இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, மனநோய் இல்லாதவர்களில் கடுமையான மனநலத் தொல்லை வரெனிக்ளின் எடுத்தோரில் 1.3 சதவீதம், மருந்தில்லாப் போலி மாத்திரை எடுத்தோரில் 2.4 சதவீதம். மனநோய் உள்ளவர்களிடம் இது 6.5, 4.9 சதவீதம், புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே கட்டமிட்ட எச்சரிக்கை நீக்கப்பட்டது.

எச்சரிக்கை போயிற்று என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். எந்த மாத்திரை எடுத்தாலும், மனநோய் உள்ளவர்களிடம் தொல்லை கூடுதலாகவே இருந்தது. போதாக்குறைக்கு, நிக்கோட்டின் கிடைக்காத உடம்பு தானாகவே எரிச்சலையும் தூக்கமின்மையையும் சோர்வையும் கொண்டுவரும். அண்ணனின் போக்கு வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். முதல் மாத்திரை இன்று.

8 பிப்ரவரி

குமட்டல். வெறும் வயிற்றில், அதுவும் காப்பியோடு விழுங்கியிருக்கிறார். இம்மருந்தில் மிகுதியாகக் காணும் தொல்லை இதுதான். இட்லி சாப்பிட்டபின் ஒரு சொம்புத் தண்ணீரோடு எடுக்கச் சொன்னேன், அடங்கியது. முதல் மூன்று நாள் அரை மில்லிகிராம் ஒருவேளை, அடுத்த நான்கு நாள் இருவேளை, எட்டாம் நாளிலிருந்து ஒரு மில்லிகிராம் இருவேளை என்று படிப்படியாக ஏற்றுவதும் குமட்டலைக் கருதித்தான். மருந்து பெரும்பாலும் மாற்றமின்றிச் சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்த பிறகே மருத்துவர் எழுதினார். சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

17 பிப்ரவரி

சிகரெட்டை 11ஆம் தேதியே நிறுத்திவிட்டார். நேற்றிலிருந்து படபடப்பு, கைநடுக்கம். வீட்டில் எல்லோரும் புது மாத்திரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு உறுத்தியது, மூச்சிளைப்புக்காக அவர் ஆண்டுக்கணக்கில் எடுத்துவரும் தியோபிலின். சிகரெட் புகையில் உள்ள தாரின் வேதிப்பொருள்கள், தியோபிலினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகை நின்றதும் ஒரு வாரத்துக்குள் அந்தத் தூண்டுதல் தணிந்து, முன்பு சரியாக இருந்த அதே அளவு மருந்து இரத்தத்தில் மிகையாகத் தேங்கிவிடும். இது நிக்கோட்டினின் வேலையன்று. ஆகவே நிக்கோட்டின் சூயிங்கம் மென்று புகையை விட்டவர்களுக்கும் இது நேரும். குளோசபின், ஒலான்சபின் ஆகிய மனநோய் மருந்துகளை எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. மருத்துவரிடம் உடனே அழைத்துப் போனோம். இரத்தப் பரிசோதனைக்கு எழுதி, தியோபிலினைக் குறைத்தார். வரெனிக்ளினைத் தொடரச் சொன்னார்.

24 பிப்ரவரி

படபடப்பு நின்றுவிட்டது. கனவுகள்தாம் விசித்திரமாக வருகின்றனவாம். இரவு மாத்திரையைச் சற்று முன்னதாகவே, சாயங்காலச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். 2021இல் பைசர் நிறுவனம் இம்மருந்தைத் திரும்பப் பெற்றதே என்று மாமா தொலைபேசியில் கேட்டார். நாளடைவில் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டக்கூடிய ஒரு நைட்ரோசமைன் மாசு அளவுக்கு மேல் இருந்ததே காரணம். அப்போதும், மாற்று கிடைக்கும்வரை மருந்தை நிறுத்த வேண்டாம் என்றுதான் அமெரிக்க நிர்வாகம் அறிவுறுத்தியது. அதே நைட்ரோசமைன் வகைப் பொருள்கள் சிகரெட் புகையிலும் உண்டு என்பதை மாமா கேட்கவில்லை, நானாகவே சொன்னேன்.

12 வாரம் முடிந்ததும் இன்னொரு 12 வாரம் வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். இடையில் அண்ணன் மறுபடி பற்றவைத்தால் தியோபிலினின் அளவை மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் அப்படி நேர்ந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.