ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடுதடம்

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் விடியற்காலையில் ஓடுகிற குழுக்கள் தடத்தைச் சுத்தம் செய்ய இறங்கும் முன், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். நம் ஊருணிகளுக்குத் தண்ணீர் கொண்டுவர ஆறு இல்லை. செம்மண் மேட்டிலும் தெருவிலும் பெய்வதுதான் வரத்துக்கால் வழியாக வந்து சேருகிறது. தடத்தோரம் கிடக்கும் கவரும் அதே வழியில்தான் போகும். சிறுபாலத்துக் குழாய் வாயில் நாலு கவர் சிக்கினால் போதும்; சருகும் வண்டலும் அதில் ஒட்டி வாய் அடைத்துவிடும். தண்ணீர் தடத்தின் மேல் ஏறி மண்ணை அரித்துக்கொண்டு போகும், ஊருணி காயும். அதனால் வேலையை ஆவணி, புரட்டாசியில் முடிக்க வேண்டும். மழை விழுந்தபின் ஒவ்வொரு கவரும் சேற்றோடு வரும், சாக்கைத் தூக்க முடியாது.

ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குவதை ‘பிளாகிங்’ என்பார்கள். 2016-இல் சுவீடனில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் தொடங்கியது. இங்கே அதை அப்படியே செய்தால் சீமைக்கருவேல முள் விடாது. மூன்று கிலோமீட்டர் முதலில் ஓடிவிடுங்கள்; அதற்குள் நன்றாக வெளிச்சம் வந்துவிடும். திரும்பும்போது கடைசி ஒரு கிலோமீட்டரை மட்டும் நடந்து பொறுக்குங்கள். எட்டுப் பேருக்கு அதுவே நிறைவான வேலை. இடது ஓரம் மூவர், வலது ஓரம் மூவர், சாக்குக்கு இருவர். இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுக்க வேண்டும். ஓடி முடித்த உடம்போடு குனிந்து குனிந்து எடுத்தால் மறுநாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

முள்ளில் மாட்டிய கவரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். நார்நாராகக் கிழிந்து பாதி செடியிலேயே நிற்கும். கம்பால் கிளையை அழுத்திப் பிடித்து, முள்ளின் அடியில் கவரை இடுக்கியால் கவ்வி, முள் நீட்டியிருக்கும் திசையிலேயே உருவினால் முழுசாக வரும். வெயிலில் பல மாதம் கிடந்த கவர் தொட்டதும் அப்பளம்போல் நொறுங்கும். அதைக் கையால் எடுக்கப் பார்ப்பது வீண்; மேல்மண்ணோடு முறத்தில் கூட்டி அள்ளுங்கள். கிளையை வெட்டிச் சாக்கில் போடவே கூடாது, தூக்குபவர் காலைக் குத்திவிடும். வேலை முடிந்ததும் எல்லோரும் ஷூவின் அடியைப் பார்க்க வேண்டும். முறிந்த முள் ரப்பரில் புதைந்து கிடந்து, அடுத்த ஓட்டத்தில்தான் உள்ளே ஏறும்.

சிமெண்ட் சாக்கை உதறிவிட்டு முக்கால் அளவு மட்டும் நிரப்புங்கள். கண்மாய்க்கரையில் உடைந்து கிடக்கும் மதுபாட்டில் சில்லுகளுக்குச் சாக்கு ஆகாது, 20 லிட்டர் பெயிண்ட் வாளிதான் சரி. தண்ணீர் பாட்டிலை நசுக்கி, நசுக்கிய நிலையிலேயே மூடியைத் திருகினால் மறுபடி உப்பாது. ஒரே சாக்கில் நிறையப் பிடிக்கும்.

குவியலாகக் கிடப்பதை முதலில் கம்பால் தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். கண்ணாடி விரியன் அடியில் சுருண்டு கிடக்கலாம். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

சாக்கை எங்கே இறக்குவது என்பதை முதல் நாளே தூய்மைப் பணியாளர்களிடம் பேசி, வண்டி வரும் தெருமுனையையும் நேரத்தையும் கேட்டுவையுங்கள். அது தெரியாமல் தொடங்கினால், கட்டிவைத்த சாக்கை ஒரே இரவில் நாய்கள் பிரித்துவிடும். பாட்டிலும் இரும்பும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். கொளுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சாம்பலும் ஊருணிக்குத்தான் போகும்.

அடுத்த சுற்று தைப்பூசத்துக்கு. குன்றக்குடி வழியாகப் பழநிக்குப் பாதயாத்திரை போகும் சாலையில் அதிகம் சேர்வது டீ கப்பும் தட்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருந்தும் இன்னும் கிடக்கின்றன. அன்னதானப் பந்தல்காரர்களிடம் மந்தார இலையும் தொன்னையும் கேட்டுப் பாருங்கள், பலர் சம்மதிப்பார்கள். பந்தல் வாசலில் வைக்கும் தொட்டி பாதிகூட நிரம்பாது. யாத்திரிகர்கள் குடித்துக்கொண்டே நடப்பவர்கள். கப் காலியாவது இருநூறு அடி தள்ளி. சாக்கை அங்கே, கைக்கு எட்டும் உயரத்தில், வாய் விரிந்து நிற்கும்படி இரண்டு கம்புக்கு நடுவே கட்டுங்கள்.