அந்தக் கிண்ணம் லௌரியுடையது

ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணி கிண்ணம் வென்ற 2019 பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லாரும் எங்கள் கவாய் லெனர்ட் எறிந்த அந்த ஒரு பந்தில்தான் போய் நிற்பார்கள். மே 12, பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம், 90-90. நேரம் முடியும் கணத்தில் எதிரணி எம்பீடின் கைக்கு மேலால் மூலையிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் நாலு தரம் குதித்து உள்ளே விழுந்தது. அன்று அன்னையர் தினம் என்பதால் குடும்பமே அக்கா வீட்டில் கூடியிருந்தது. பந்து முதல் குதி குதித்தபோது அம்மா "போச்சு" என்றார். பந்து விழுந்த பிறகு அந்த வீட்டில் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று கணக்கில்லை. லெனர்ட் அன்று 41 புள்ளிகள். அதில் ஒன்றையும் நான் குறைக்கமாட்டேன்.

ஆனால் அந்தப் பருவத்தை முதலிலிருந்து பார்த்தவர்களிடம் கேளுங்கள். அது அதே அணியில் ஆடிய கைல் லௌரியின் பருவம்.

ராப்டர்ஸ் 1995இல் தொடங்கிய அணி. அதே ஆண்டு தொடங்கிய வான்கூவர் அணி 2001இல் மெம்பிசுக்குப் போய்விட்டது. அதன்பிறகு வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் கனடாவுக்கென்று இருப்பது ரொறன்ரோ மட்டும்தான். 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டுகளும் லெப்ரான் ஜேம்ஸின் கிளீவ்லாண்ட் எங்களைத் தோற்கடித்தது. கடைசி இரண்டு முறையும் 4-0. 2018இல் 59 ஆட்டங்கள் வென்று கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் நின்ற அணி எங்களுடையது. பயிற்சியாளர் ட்வேன் கேசியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கே அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் பிறகு கிடைத்தது.

அதே ஆண்டு ஜூலை 18 அன்று டெமார் டெரோசனையும் அனுப்பினார்கள். ஒன்பது ஆண்டுகள் இங்கே ஆடியவர், இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னவர், லௌரியின் உயிர் நண்பர். பதிலுக்கு சான் அன்டோனியோவிலிருந்து லெனர்ட்டும் டானி கிரீனும் வந்தார்கள். லெனர்ட் அதற்கு முந்தைய பருவத்தில் காயத்தால் ஒன்பது ஆட்டங்கள்தான் ஆடியிருந்தார், ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டுதான் உறுதி. "மாமா, இவரை நம்பாதேங்கோ, அடுத்த வருசம் போயிடுவார்" என்றான் மருமகன். அப்போது அணி நிர்வாகத்தின் தலைவராக இருந்த மசாய் உஜிரி எடுத்த முடிவு சரியானது என்று இன்று சொல்வது எளிது. அன்று ரொறன்ரோவின் மார்க்கம் ரோட்டில் ஒருவரும் சொல்லவில்லை.

லௌரியின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். நண்பனை அனுப்பியாயிற்று. புதிதாக வந்த லெனர்ட் உடம்பைப் பார்த்துக்கொள்ள 82 ஆட்டங்களில் 60இல்தான் இறங்கினார். பெப்ரவரியில் மார்க் கசோலைக் கொண்டுவர, ஏழு பருவம் கூட ஆடிய வலஞ்சூனஸும் போனார். யார் வந்தாலும் போனாலும் பந்தை எடுத்துக்கொண்டு மேலே ஓடியவர் லௌரி. அணி 58 ஆட்டங்கள் வென்றது. பாஸ்கல் சியாக்கம் அந்த ஆண்டு மிக முன்னேறிய வீரருக்கான விருது வாங்கியதில் லௌரி போட்டுக்கொடுத்த பந்துகளுக்கும் பங்கு உண்டு.

எனக்கு இதைப் பார்க்கக் கற்றுத்தந்தவர் வேலைத்தலத்தில் கூட நின்ற ஒரு பிலிப்பீன் அண்ணர். அவர்களுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். "புள்ளியைப் பாராதே, லௌரி விழுகிற இடத்தைப் பார்" என்பார். எதிரணியின் பெரிய ஆள் வளையத்தை நோக்கிப் பாய்ந்து வரும்போது ஆறடி லௌரி ஓடிப்போய் வழியில் இரண்டு காலையும் ஊன்றி நிற்பார். மோதினால் தப்பு பாய்ந்தவன்மீது, பந்து எங்களுக்கு. நெஞ்சில் வாங்கிக்கொண்டு விழுந்து, எழும்பி, அடுத்த முறையும் அதே இடத்தில் நிற்பார். அதற்குப் பிறகு நான் பந்தைவிட அவரைத்தான் கூடுதலாகப் பார்த்தேன்.

பருவ முடிவில் கிண்ணத்துக்காக ஆடும் பிளேஓஃப் சுற்றுகளின் முதல் ஆட்டத்தில் ஓர்லாண்டோவிடம் தோற்றோம், லௌரிக்குப் பூச்சியம். ஊரே ஏசியது. அந்தத் தொடரை அணி 4-1 என்று முடித்தது. பிலடெல்பியாவுக்கு அடுத்து மில்வாக்கியிடம் 0-2 என்று பின்தங்கி, பிறகு நாலையும் தொடர்ந்து வென்றோம். நடுவில் எங்கள் அணியின் ஃப்ரெட் வான்வ்லீட்டுக்கு மகன் பிறந்தான். அதன்பிறகு அவர் எறிந்ததெல்லாம் விழுந்தது.

இறுதித் தொடர் கோல்டன் ஸ்டேட்டோடு. மூன்றாவது ஆட்டத்தில் பந்தைத் துரத்திப் பார்வையாளர் வரிசைக்குள் விழுந்த லௌரியை, அந்த அணியில் பங்கு வைத்திருந்த ஒரு பணக்காரர் பிடித்துத் தள்ளினார். லௌரி திருப்பிக் கை ஓங்கவில்லை. தள்ளியவருக்கு ஓர் ஆண்டு தடையும் ஐந்து லட்சம் டொலர் தண்டமும் கிடைத்தன.

ஐந்தாவது ஆட்டம் ரொறன்ரோவில். கோல்டன் ஸ்டேட்டின் கெவின் டுராண்ட் குதிக்கால் நரம்பு அறுந்து விழுந்தபோது எங்கள் ஆட்கள் சிலர் கைதட்டினார்கள். எனக்குக் கூசியது. கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்து நிறுத்தச் சொன்னவர்களில் லௌரியும் ஒருவர். அந்த ஆட்டத்தின் கடைசி எறிதல் அவருடையதுதான். எதிரணி டிரேமண்ட் கிரீனின் விரல் நுனி பட்டுப் பந்து குறி தவறியது. 106-105, தோல்வி. வென்றிருந்தால் கிண்ணம் அன்றே சொந்த ஊரில் கைக்கு வந்திருக்கும்.

மூன்று நாள் கழித்து, ஜூன் 13, ஓக்லாண்டில் ஆறாவது ஆட்டம். அந்த இரவு முழுவதும் வேறு ஒருவராக இருந்தால் அந்தத் தவறிய பந்து மனத்தில் கிடந்து அரித்திருக்கும். லௌரி அணியின் முதல் 11 புள்ளிகளையும் தானே போட்டார். பதினொன்றும் அவருடையவை! மூன்று புள்ளி எறிதல் ஒன்று, அடுத்தது, உள்ளே புகுந்து ஒன்று, திரும்பவும் மூன்று. முதல் பாதியில் மட்டும் 21. கடைசிப் பகுதியில் வான்வ்லீட் 12 போட்டுத் தாங்கினார். முடிவில் 111-110 என்று நிற்கும்போது கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃபன் கறி எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. அது விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க இன்றும் வயிறு கலங்குகிறது. 114-110. அமெரிக்காவுக்கு வெளியே போன முதல் என்.பி.ஏ. கிண்ணம்.

தொடர் நாயகன் விருது லெனர்ட்டுக்குப் போனது, அது சரியான முடிவு. ஜூலையில் லெனர்ட்டும் லாஸ் ஏஞ்சலஸ் போனார். எனக்கு அவர்மீது கோபமில்லை, கேட்ட ஓர் ஆண்டை முழுசாகத் தந்துவிட்டுத்தான் போனார். அவர் இல்லாமல் அடுத்த பருவத்தில் 53 வெற்றி, 19 தோல்வி. அப்போதும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியவர் லௌரி.

2024 நவம்பரில் எங்கள் பழைய வீரர் வின்ஸ் கார்ட்டரின் 15ஆம் எண்ணை மரியாதையாக அரங்கத்தின் கூரையில் ஏற்றினார்கள். லௌரியின் 7ஆம் எண்ணை ஏற்றும் நாளுக்கு என்ன விலை சொன்னாலும் டிக்கெட் வாங்குவேன் என்று மருமகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பிலிப்பீன் அண்ணருக்கும் ஒன்று சேர்த்து.