செவலைக் கன்று மயிலையாகும் வரை

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவில் எங்கள் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கொரங்காடு இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மேய்வதற்குக் காங்கேயம் மாடுகள். எனக்குத் திருப்பூரில் வேலை. விடுமுறை நாட்களில் அங்கே போய்க் கைப்பேசியில் படம்பிடித்து யூடியூபில் போடுவது பொழுதுபோக்கு. படம் எடுக்கவும் வெட்டி ஒட்டவும் பழகிக்கொள்ளலாம், சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வந்தவரை உட்கார வைப்பதும், அவரை அடுத்த வாரமும் வரவழைப்பதும் தனி வித்தை. அதில் நான் செய்து பார்த்தவற்றில் எது பலித்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரைகோடு. சேனல் வைத்திருப்பவர்கள் தங்கள் கணக்குகளைப் பார்க்கும் யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு காட்டுவார்கள். தொடங்கும்போது பார்த்தவர்களில் எத்தனை பங்கு பேர் எந்த நொடிவரை இருந்தார்கள் என்பது அதில் தெரியும். 30 நொடியில் எத்தனை சதவீதம் பேர் மிஞ்சினார்கள் என்று தனியாகவும் சொல்லும். 2012-இல் யூடியூப் தன் பரிந்துரை முறையை மாற்றி, எத்தனை பேர் தொட்டுத் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு எடை கொடுக்கத் தொடங்கியது. அதனால் அந்தக் கோடு வெறும் அலங்காரமில்லை. எந்த வீடியோவிலும் அது கீழ்நோக்கித்தான் சரியும். எங்கே செங்குத்தாக விழுகிறது, எங்கே மட்டமாக ஓடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு மேடு எழுந்தால், அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

வணக்கம் சொல்லித் தொடங்கியவற்றையும் நேரே மாட்டில் தொடங்கியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயர், ஊர், "நம்ம சேனலுக்கு வரவேற்கிறோம்" எல்லாம் முடிவதற்குள் ஒரு பெரும் பங்கு எழுந்து போய்விடுகிறது. பசு தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்க்கும் காட்சியில் தொடங்கினால், அதே ஆட்கள், அதே நீளம், சரிவு பாதியாகிவிடுகிறது. இது எல்லோரும் சொல்லும் அறிவுரைதான். என்னை யோசிக்க வைத்தது வேறொரு வீடியோவின் நடுவில் எழுந்த மேடு. சித்தப்பா மூக்கணாங்கயிற்றை மாற்றும் இடம் அது. பழைய கயிற்றின் நுனியோடு புதுக்கயிற்றைச் சேர்த்து இழுத்து, கொம்புக்குப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போடுவார். பேச்சே கிடையாது. நான் வாய் ஓயாமல் விளக்கிய இடங்களில் கோடு சரிந்துகொண்டே போக, அவருடைய கை மட்டும் தெரிந்த இடத்தில் மேலே ஏறியிருந்தது. அதற்குப் பிறகு கைவேலை வரும் இடங்களில் நான் பேசுவதில்லை, வேகத்தைக் கூட்டுவதுமில்லை. கயிறு முறுக்குவதானாலும் லாடம் அடிப்பதானாலும் முழு நேரமும் ஓடவிடுகிறேன்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கிறது. ஆனி, ஆடியில் காற்று நிற்காது. பல்லடம், தாராபுரம், உடுமலை என்று காற்றாலைகள் நிறைந்து நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் எடுத்த எதிலும் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், காற்றின் இரைச்சலால் ஆட்கள் தங்கவில்லை. சட்டையில் குத்தும் சிறிய மைக், அதற்கு முடி வைத்த உறை, கிளுவை வேலியின் மறைவில் நின்று பேசுவது, இந்த மூன்றும் போதும். புதுக் கேமரா வாங்குவதைவிட இதற்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும் என்பேன்.

இனிக் கன்று. காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும், செவலை மயிலையாகும். மாடு வளர்ப்பவர்களுக்கு இது அன்றாடம் காண்பது. கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் அடுக்குமாடியில் இருக்கும் நம் ஆட்களில் பலருக்குத் தெரியாது. ஒரு காளைக் கன்று பிறந்த அன்று சித்தப்பா, "கண் முன்னாலேயே நிறம் மாறப்போகிறது, இதைப் படம்பிடி கண்ணு" என்றார். பிடித்தேன்.

இதில் எனக்கிருந்த ஆசை நேர்த்தி. அதே கட்டுத்தறி, காலையில் பால் கறந்து முடித்த அதே நேரம், நேர் வெயில் படாத அதே நிழல். கைப்பேசி தன்னிச்சையாக வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்திக்கொள்ளும், அதை விட்டால் செம்மை ஒரு வாரம் ஆரஞ்சாகவும் மறு வாரம் பழுப்பாகவும் தெரியும். அதனால் இரண்டையும் கையால் பூட்டிவிட்டு, கன்றுக்குப் பின்னால் துவைத்த வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டேன். வேட்டியின் வெள்ளை ஒவ்வொரு வாரமும் ஒன்றுபோல இருந்தால், கன்றின் மேல் தெரியும் மாற்றம் உண்மையான மாற்றம். எங்கள் கன்றுக்கு முதலில் வெளுத்தது வயிற்றோரமும் தொடையின் உட்புறமும். பிறகு கண்ணைச் சுற்றி மெல்லிய வளையம். விலாவில் செம்முடிக்கு நடுவே வெள்ளை முடி தனித்தனியாகக் கிளம்பியபோது, உள்ளங்கை அகலத்துக்கு நெருங்கிப்போய் எடுத்தேன். தடவிவிட்டால் ஒரு பக்கம் செவலையாகவும், எதிர்ப்பக்கம் தடவினால் மயிலையாகவும் தெரிந்தது. நான் எடுத்தவற்றில் அதிகம் பேர் திரும்ப ஓட்டிப் பார்த்த இடம் அதுதான்.

தொடர் தொடங்கும்போதே, இந்தக் கன்று மயிலையாகும் என்று முதல் வீடியோவிலேயே சொல்லிவிட்டேன். முடிவைக் கடைசிவரை மறைத்து வைத்தால்தான் ஆட்கள் இருப்பார்கள் என்பது ஊரறிந்த உபதேசம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லாமல் போனதற்குக் காரணம் உடுக்கை அடித்துக் கதை பாடும் உடுக்கடிப் பாட்டு. பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் கதையான அண்ணன்மார் கதையை எங்கள் பகுதியில் இரவு இரவாகப் பாடுவார்கள். 1965-இல் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிப்பதிவு செய்ததும் இதைத்தான். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழுவார்கள் என்பது கேட்க வந்த குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய தங்கை தங்காள் என்ன சொல்லித் தடுத்தாள், அண்ணன்மார் அதை எப்படித் தட்டினார்கள், குதிரை எங்கே நின்றது, இதற்காகத்தான் இருக்கிறார்கள். முடிவு தெரிந்திருப்பதால் ஒவ்வொரு அடியும் கனக்கிறது.

பாட்டுக்காரரிடம் இன்னொன்றையும் கவனித்தேன். கூடப் பாடுபவர் நடுநடுவே "அப்படியா?", "அப்புறம்?" என்று கேட்கிறார். கூட்டத்தின் மனத்தில் இருப்பதை அவர் வாய்விட்டுக் கேட்டுவிடுகிறார். அதைக் கன்றுத் தொடருக்குக் கொண்டுவந்தேன். சித்தப்பாவின் மகள் கேமராவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். "அண்ணா, காது மட்டும் ஏன் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது?" என்று அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. திரும்பிச் சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் கன்றின் காதைப் பிடித்து மடித்துக் காட்டினார், உட்பக்கம் ஏற்கெனவே வெளுத்திருந்தது. நான் தனியே விளக்கிய வீடியோக்களைவிட, தங்கை கேள்வி கேட்கும் வீடியோக்களில் கோடு நெடுந்தூரம் மட்டமாக ஓடுகிறது. கேள்விகளை முன்கூட்டி எழுதித் தருவதில்லை. எழுதித் தந்த கேள்வி குரலிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

பார்ப்பவர்களுக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்பது அடுத்த கட்டம். யூடியூபில் வாக்கெடுப்பு வைக்கலாம். "உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்பது போன்ற கேள்விக்கு வாக்கு விழும், அதோடு முடிந்துபோகும். "அடுத்து எந்த இடம் வெளுக்கும்: நெற்றியா, முதுகா, வாலா?" என்று கேட்டால், ஊகம் சரியா என்று பார்க்கவாவது அடுத்த வாரம் வருகிறார்கள். முத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், நெற்றி உச்சியில்தான் செம்மை கடைசிவரை நிற்கும் என்று அடித்துச் சொன்னார். அப்படியே நடந்தது. அடுத்த வீடியோவின் தொடக்கத்தில் அவர் சொன்ன வார்த்தையையும் கன்றின் நெற்றியையும் ஒன்றாகக் காட்டினேன். அதற்குப் பிறகு மாடு வளர்ப்பவர்கள், முன்பு வளர்த்துப் பிறகு நிறுத்திவிட்டவர்கள், சிறுவயதில் வண்டி ஓட்டியவர்கள் எல்லாரும் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினார்கள். ஸ்டுடியோவில் புதிதாக வந்தவர் எத்தனை பேர், திரும்ப வந்தவர் எத்தனை பேர் என்று பிரித்துக் காட்டும் பகுதி உண்டு. நான் மதிக்கும் எண் திரும்ப வந்தவர்களுடையது. கன்றுத் தொடர் நடந்த மாதங்களில் அந்தக் கோடு தொடர்ந்து ஏறியது.

வீடியோவின் முகப்புப் படமான தம்ப்நெயிலில் ஒரு பயனுள்ள வசதி இருக்கிறது. ஒரே வீடியோவுக்கு மூன்று படங்கள்வரை கொடுத்து ஒப்பிடச் சொல்லலாம். எதைப் பார்த்து அதிகம் பேர் திறந்தார்கள் என்பதை வைத்து அது தீர்ப்புச் சொல்வதில்லை, எந்தப் படத்தின் வழியே வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்தே சொல்கிறது. என் முகம், கன்று மட்டும், பிறந்த வாரக் கன்றும் இந்த வாரக் கன்றும் பக்கத்தில் பக்கத்தில் என்று மூன்றைக் கொடுத்தேன். மூன்றாவது ஜெயித்தது. படம் எதைச் சொன்னதோ அதுவே உள்ளே இருந்தது, வந்தவர் தங்கினார்.

யூடியூபின் குறுவீடியோக்களான ஷார்ட்ஸ் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2020-இல் இந்தியாவில்தான் அதை முதலில் சோதனையாக விட்டார்கள். 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம்வரை போடலாம். 2025 மார்ச்சிலிருந்து அதில் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறார்கள், அதனால் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நின்று பார்த்தவர் எத்தனை பங்கு, தள்ளிவிட்டுப் போனவர் எத்தனை பங்கு என்ற கணக்குதான் பயன்படும். என் அனுபவத்தில் ஷார்ட்ஸ் வழியே வந்தவர்கள் நீண்ட வீடியோவுக்கு அதிகம் நகரவில்லை. கன்றின் அந்த வாரத்து நிறத்தை மட்டும் காட்டும் சிறு துண்டுகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. முந்தைய வாரம் எப்படி இருந்தது என்று தேடிக்கொண்டு வந்தார்கள்.

வெளியிடும் நேரத்துக்கும் பலன் உண்டு. நம் பார்வையாளர்கள் எந்த நாளில் எந்த மணிக்கு யூடியூபில் இருக்கிறார்கள் என்பதை ஸ்டுடியோ கட்டம் கட்டமாகக் காட்டும். எனக்கு அது மாலையில் பால் ஊற்றிவிட்டு வீடு திரும்பும் நேரத்துக்குப் பிறகுதான் அடர்த்தியாகிறது. பால் சொசைட்டி நேரத்தில் போட்டால் யாரும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிறேன்.

சந்தை வீடியோக்களில் மட்டும், எந்தப் பகுதி எந்த நிமிடத்தில் என்று நேரக்குறிப்புகள் கொடுக்கிறேன். பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை கூடும் மாட்டுச் சந்தையில் காளை, பசு, கன்று என்று நிறைய ஓடும், ஒருவருக்கு வேண்டியது இன்னொருவருக்கு வேண்டாம். 00:00-இல் தொடங்கி, குறைந்தது மூன்று குறிப்புகள், ஒவ்வொரு பகுதியும் 10 நொடிக்குக் குறையாமல் கொடுத்தால் யூடியூப் தானே பிரித்துக்கொள்ளும். இதனால் ஆட்கள் தாவிப் போய்விடுவார்கள், பார்த்த நேரம் குறையும் என்று சிலர் பயமுறுத்தினார்கள். குறையட்டும். கன்று வாங்க நினைப்பவரைக் காளைகளுக்கு நடுவே காக்க வைப்பது முறையில்லை. அப்படிக் காக்க வைக்காதவனிடம்தான் அவர் மறுபடி வருவார், வந்துகொண்டும் இருக்கிறார்.

கன்று இப்போது முழு மயிலை. தொடர் இத்துடன் முடியவில்லை. காளையாக வளர்ந்தால் காங்கேயத்துக்குத் திமிலும் கழுத்தும் முன்னங்கால் பக்கமும் பின்புறமும் கருக்கும், காயடித்தால் அந்தக் கருமை நிற்காது, சாம்பலாகவே இருந்துவிடும். இனவிருத்திக்கான பூச்சிகாளையாக விடுவதா, வண்டிக்குப் பழக்குவதா என்று சித்தப்பா இன்னும் முடிவு செய்யவில்லை. பார்ப்பவர்களிடம் வாக்கு மட்டும் கேட்காமல், காரணத்தையும் கேட்டிருக்கிறேன். சினைக்கு மாடு ஓட்டிவர நல்ல பூச்சிகாளை பக்கத்தில் இல்லை என்று எழுதியவர்கள் நிறைய. அவர்களுடைய ஊர்ப் பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் படித்துவிட்டுச் சொல்லப்போகும் பதிலைத்தான் அடுத்த வீடியோவாக எடுக்கிறேன், தங்கை கேள்வி கேட்பாள்.