தம்பேத்தன்னையில் இறங்கப் பழகினோம்

முந்தாநாள் அப்புத்தளையிலிருந்து திரும்பி வந்தேன். தொடை இன்னும் வலிக்கிறது, ஆட்டோக்காரர் மேல் வந்த கோபமும் அடங்கவில்லை. இரண்டும் ஆறுவதற்குள் எழுதிவிடவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் நான்கு பேர், ஹட்டனில் மூவர், பண்டாரவளையில் ஒருவன். வருகிற ஒக்டோபரில் நேபாளம் போய் அன்னபூர்ணா அடிவார முகாம் வரை நடக்கப்போகிறோம். உயரம் 4130 மீற்றர். நம் இலங்கையில் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான், அதனால் அந்த உயரத்துக் காற்றுக்கு இங்கே பழகவே முடியாது. முகாமில் கடல்மட்டத்தில் கிடைக்கும் ஒட்சிசனில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் கிடைக்கும், அதற்கு அங்கே போய் நாள் எடுத்து மெதுவாக ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் காலைப் பழக்கலாம். பனியே விழாத இந்த நாட்டிலிருந்து போய் ஜயந்தி குரு உதும்பால 2016 மே 21ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் நின்றிருக்கிறார், நாங்கள் கேட்பது அதில் பாதி உயரம்கூட இல்லை.

தை மாதத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு ஏதாவது ஒரு மலை. ஒவ்வொருவர் பையிலும் 5 லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்று, ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டு, மொத்தம் 8 கிலோ. ஏறும்போது சுமப்போம், உச்சியில் குடிக்கத் தேவையானதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்குவோம். முழங்காலுக்கு அதுதான் நல்லது என்று கேள்விப்பட்டு அப்படியே செய்து வந்தோம். நுவரெலியா சிங்கிள் ட்ரீ மலை இரண்டு தடவை, நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஒரு தடவை. இந்த முறை அப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பேத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக் காட்சியிடம் வரை.

அப்புத்தளை டவுனுக்கு விடியற்காலை ஐந்தேகாலுக்கு வந்து சேர்ந்தோம், தூறல், குளிர். தம்பேத்தன்னைக்குத் தோட்டத்து ஆட்களும் பிள்ளைகளும் போகிற பஸ் இருக்கிறது, அதில்தான் போவதாகத் திட்டம். அப்போதுதான் அந்த ஆட்டோக்காரர் வந்தார். "பாதையில மண் சரிஞ்சு கெடக்கு தம்பி, பஸ் இன்னைக்கு வராது" என்றார். முகத்தைப் பார்த்தால் உண்மை சொல்கிற ஆள் மாதிரியே இருந்தது. மேலே சீட் வரைக்கும் 3,500 கேட்டார். நாங்கள் நடக்க வந்தவர்கள், தொழிற்சாலை வரை போதும் என்று பேசிப் பேசி 2,000க்கு முடித்தோம். பஸ்ஸில் போயிருந்தால் நாலு பேருக்கும் சேர்த்து அதில் கால்வாசிகூட ஆகியிருக்காது. பாதையில் மண் சரிந்ததற்கான அடையாளமே இல்லை. பாதி வழியில் ஒரு வளைவில் பின்னால் ஹோர்ன் சத்தம், திரும்பிப் பார்த்தால் அதே பஸ்! ஆட்டோவை ஓரங்கட்டி வழி விட்டவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "அண்ணே, பஸ் வராதுன்னீங்களே" என்று நண்பன் கேட்டதற்கு, "இப்பதான் வழி விட்டிருப்பாங்க" என்று பதில். நேபாளத்துக்காக மாதம் 15,000 என்று வயிற்றைக் கட்டிச் சேர்க்கிறோம். அன்னபூர்ணா பகுதிக்குள் நுழையும் அனுமதியே நம்மைப் போன்ற சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய். அந்தக் கணக்கில் ஒவ்வொரு நூறும் எங்களுக்குப் பெரிது. போகிறவர்கள் தயவுசெய்து பஸ் நிற்கிற இடத்தில் நின்று, கையில் தூக்குச்சட்டியோடு நிற்கிற தோட்டத்து ஆட்களிடம் கேளுங்கள், பஸ் வருமா வராதா என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

தொழிற்சாலை 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. அங்கிருந்து சீட் வரைக்கும் கிட்டத்தட்ட 7 கிலோமீற்றர் தார்ப் பாதை, நடுநடுவே தேயிலைக்குள் குறுக்குப் படிகள். ஏற்றம் நன்றாகவே போனது. பேசிக்கொண்டே ஏறமுடிகிற வேகம்தான் சரியான வேகம் என்று வைத்திருக்கிறோம், மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் எல்லோரும் வேகத்தைக் குறைக்கவேண்டும். எட்டு மணிக்கெல்லாம் மேலே இருந்தோம். தெற்கே உடவளவை நீர்த்தேக்கம் ஒரு தகரத்துண்டு மாதிரி பளபளத்தது. ஒன்பதரைக்கு மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது, ஆகவே விடியலில் போவது அவசியம், பத்து மணிக்கு மேல் போய் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை.

தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கினோம். நேரம் மிச்சமாகும் என்று குறுக்குப் படிகளில் இறங்கியதுதான் பிழை. கற்கள் பாசி பிடித்து நனைந்திருந்தன. அரைமணி நேரத்தில் பண்டாரவளை நண்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பை வெறும் பை, ஆனாலும் தொடை நடுங்கியது. சிவனொளிபாதமலையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படி இறங்கியபோதும் எங்களுக்கு இதேதான் நடந்தது, களைப்பு என்று விட்டுவிட்டோம்.

அப்போது மேலிருந்து ஓர் அக்கா இறங்கி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் படங்கு, தலையில் கயிறு மாட்டி முதுகில் கொழுந்துச் சாக்கு, காலை நிறுவைக்குப் போகிறார். நின்று எங்களைப் பார்த்தார்.

"எங்க தம்பி போறீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு?"

"நேபாளம் போறோம் அக்கா, அதுக்குப் பழகுறோம்."

"கோயிலுக்கா?"

"இல்லக்கா, மலை பார்க்க."

"இங்க இல்லாத மலையா" என்று சொல்லிவிட்டு, "குதிகாலக் குத்தாதீங்க. முழங்கால வெறைப்பா வச்சா வலிக்காம என்ன செய்யும்" என்றார்.

அவருக்குப் பின்னாலேயே நடந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். நேராக இறங்கவே இல்லை. உடம்பை லேசாகப் பக்கவாட்டில் திருப்பி, பாதம் முழுவதையும் கல்லில் பதித்து, அது பிடித்ததும்தான் அடுத்த காலை எடுத்தார். முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்தே இருந்தது. பத்துப் பதினைந்து படிக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றினார். அடிகள் சின்னச் சின்னது, ஆனால் எங்களைவிட வேகம். ரப்பர் செருப்புத்தான் போட்டிருந்தார். என் காலில் புறக்கோட்டையில் 14,000 கொடுத்து வாங்கிய சப்பாத்து.

வீட்டுக்கு வந்தபின் யோசித்தால் எல்லாம் புரிகிறது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது, அந்த வேலைதான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிக்க வைக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தால் தசை அதற்குப் பழகி வலி குறைகிறது. நாங்களோ ஆறு மாதமாக உச்சியில் சுமையைக் கொட்டிக் கொட்டி அந்தப் பழக்கத்தையே தவிர்த்து வந்திருக்கிறோம். நேபாளத்தில் பையை எங்கே கொட்டுவது? அங்கே சோம்ரோங் ஊரிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் கற்படிகளில் இறங்கி மறுபக்கம் ஏறவேண்டும், திரும்பும்போதும் அதே கதை. முழங்காலுக்கு நல்லது என்று கேள்விப்பட்டதை அப்படியே பிடித்துக்கொண்டது தவறு, சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இறங்கிப் பழகியிருக்கவேண்டும்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். தொழிற்சாலைக்குக் கீழே ஒரு சின்னக் கடை, பெயர்ப்பலகை இல்லை. தேங்காய் நிறையப் போட்ட கனத்த ரொட்டி, ஓரம் கருகிக் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தது. கூடவே கட்டச்சம்பல், மாசி இடித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கண்ணில் தண்ணீர் வருகிற உறைப்பு. இஞ்சி போட்ட பிளேன் டீ. ஆளுக்கு மூன்று ரொட்டி சாப்பிட்டும் நாலு பேருக்கும் சேர்த்து ஆட்டோவுக்குக் கொடுத்ததில் பாதிதான் ஆனது. இந்த மலைநாட்டில் நான் சாப்பிட்ட மிக நல்ல ரொட்டி இதுதான், இதற்காகவே இன்னொரு தரம் ஏறுவேன். திரும்பி வந்தது பஸ்ஸில், நின்றுகொண்டு.

அடுத்தது கிரிகல்பொத்த, நாட்டின் இரண்டாவது உயரமான மலை. ஹோர்ட்டன் சமவெளிக்குள் போக வர ஏறக்குறைய 14 கிலோமீற்றர். வாகனத்துக்குத்தான் பணம் இடிக்கிறது, இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு வானைப் பிடித்துப் பங்கு போடலாம். இந்தத் தடவை உச்சியில் கானை மட்டும்தான் கொட்டுவோம், போத்தல் இரண்டும் பையிலேயே கீழே வரும்.