மூன்றில் ஒரு மாணவன்

நம் கல்வியியற் கல்லூரிப் பிரிவின் மலருக்குக் கட்டுரை கேட்டு மின்னஞ்சல் வந்ததும், விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதுவார்கள் என்று தெரிந்துவிட்டது. பருப்புக்கறியை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். நான் கணித சேரைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று தொலைபேசியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நம் பிரிவுக்காரருக்குப் பெயர் தேவையும் இல்லை.

2002 ஏப்ரலில், போரால் மூடிக் கிடந்த ஏ-9 யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு, ஆசிரியப் பயிற்சிக்காக வவுனியா பூந்தோட்டத்துக் கல்வியியற் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, மட்டக்களப்பு, மலையகம் என்று நாலு பக்கத்துப் பேச்சும் ஒரே வகுப்பில் கேட்கும். உயர்தரத்தில் கணிதம் செய்தவர்கள் பலர் இருந்ததால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்குப் படிப்பிக்கப் போகிற எங்களுக்கு அட்சரகணிதத்தை, அதாவது எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துச் செய்கிற கணிதத்தை, அடியிலிருந்து ஏன் திரும்பச் சொல்லித் தரவேண்டும் என்பதுதான் பின்வாங்குகளின் முணுமுணுப்பு.

அந்த முணுமுணுப்பைச் சேர் ஒரே கேள்வியில் அடக்கினார். "ஒரு பாடசாலையில் ஆசிரியர் ஒருவருக்கு முப்பது மாணவர். மாணவர் தொகை ம, ஆசிரியர் தொகை ஆ. சமன்பாட்டை எழுதுங்கோ." அரை நிமிட வேலை. வகுப்பில் பாதிக்கு மேல் 30ம = ஆ என்று எழுதியிருந்தார்கள். சேர் சரி பிழை எதுவும் சொல்லவில்லை. முன்வாங்கில் இருந்தவரை எழுப்பி, "பத்து ஆசிரியர் இருந்தால் உம்முடைய சமன்பாட்டின்படி எத்தனை மாணவர்?" என்று கேட்டார். அவர் கணக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு மெல்லிய குரலில், "மூன்றில் ஒரு மாணவன், சேர்" என்றார். "சம்பளத்துக்கு நல்ல பாடசாலை" என்று சொல்லிவிட்டு சேர் வெண்கட்டியை வைத்தார்.

விளக்கம் பிறகுதான் வந்தது. எழுதியவர்களுக்கு ம என்பது 'மாணவர்' என்ற சொல்லின் சுருக்கமாகிவிட்டது. 'முப்பது மாணவருக்கு ஓர் ஆசிரியர்' என்ற வாக்கியத்தை இடமிருந்து வலமாக அப்படியே படியெடுத்திருக்கிறார்கள். எழுத்து நிற்பது எண்ணுக்கு, ஆளுக்கு அல்ல. சரியான சமன்பாடு ம = 30ஆ; ஆசிரியர் தொகையை முப்பதால் பெருக்கினால்தான் மாணவர் தொகை வரும் என்று பொருள். 3அ + 2வ என்றால் 'மூன்று அப்பிள், இரண்டு வாழைப்பழம்' என்று எழுத்தை அறிமுகம் செய்கிற பழக்கம்தான் இதற்கு வேர் என்பார் சேர். பழக்கடையை வகுப்புக்குள் விடக்கூடாது என்பது அவர் கட்டளை. பல வருடங்கள் கழித்து ஒரு நூலகத்தில் படித்தேன்: இதே மாதிரிக் கேள்வியை மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பொறியியல் மாணவர் 150 பேரிடம் கொடுத்திருக்கிறார்கள், 37 சதவீதம் பிழை. அந்தக் கட்டுரை வெளிவந்தது 1981 இல். நம் முன்வாங்குக்காரர் இதைப் படித்தால் ஆறுதலடைவார்.

மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் ஏன் நேர் வருகிறது என்பதற்கு எங்களில் அநேகரிடம் 'எதிரிக்கு எதிரி நண்பன்' என்ற விடைதான் இருந்தது. "அது கணிதமில்லை, அரசியல்" என்று வெட்டிவிட்டார். அந்தக் காலத்தில் வவுனியாவில் இருந்துகொண்டு அதைச் சொல்லவும் கொஞ்சம் துணிவு வேண்டும்! அவர் காட்டிய வழி நேரானது. 4 உம் −4 உம் கூட்டினால் பூச்சியம். அதை −3 ஆல் பெருக்கினாலும் பூச்சியம். முதல் பகுதி −12 தருகிறது, ஆகவே மற்றப் பகுதி 12 தந்தே ஆகவேண்டும். கதை எதுவும் வேண்டியதில்லை.

பிரயோகம் என்றால் சேருக்கு வெளியே போகவேண்டும். இருபடிக் கோவைப் பாடத்துக்குக் கயிற்றுச் சுருளோடு வந்தவர், எங்களை மதிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். 24 மீற்றர் கயிறு, ஒரு பக்கம் மதில், மற்ற மூன்று பக்கமும் கயிற்றால் ஆட்டுக்குப் பட்டி. எப்படி வளைத்தால் ஆட்டுக்கு ஆகக்கூடிய இடம் கிடைக்கும்? நாலு பேர் தூணாக நிற்க, மற்றவர்கள் அளந்து எழுதினார்கள். மதிலிலிருந்து வெளியே வரும் பக்கம் 4 மீற்றர் என்றால் பரப்பு 64, 5 என்றால் 70, 6 என்றால் 72, 7 என்றால் மறுபடியும் 70. சதுரமாக வளைத்தால்தான் கூட வரும் என்று சாதித்துக்கொண்டு நின்ற மட்டக்களப்பு நண்பர் 8 மீற்றருக்குப் போய் 64 ஐப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பிறகு வகுப்பில் அந்தப் பக்கத்தை எக்ஸ் என்று வைத்து வர்க்கத்தைப் பூர்த்தியாக்கியபோது பரப்பு 72 − 2(எக்ஸ் − 6)² என்று வந்து நின்றது. கழிக்கிற பகுதி ஒருநாளும் பூச்சியத்துக்குக் கீழே போகாது, ஆகவே 72 க்கு மேல் இடமில்லை. உயர்தரத்தில் நாங்கள் நூறு தடவை செய்த வர்க்கப் பூர்த்திக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டோம். வகையீடு தெரியாத பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதைக் காட்டலாம் என்பதுதான் அவர் பெருமை.

வட்டுக்கோட்டைக் கதையையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய செமினரியில் நம் பெரியவர்கள் அட்சரகணிதம் படித்ததையும், அங்கே படித்த கறோல் விசுவநாதபிள்ளை 1855 இலேயே தமிழில் 'வீசகணிதம்' என்ற அட்சரகணித நூலை எழுதியதையும் தவணைக்கு ஒருமுறையாவது சொல்லுவார். தமிழில் கணிதம் வராது என்று யாராவது வாய்திறந்த நாள்களில் கொஞ்சம் கூடவே சொல்லுவார்.

சேரின் பரீட்சைத்தாளில் 'தீர்க்குக' என்ற சொல் அரிதாகத்தான் வரும். ஒரு பிள்ளையின் விடைத்தாள் வரும், பெரும்பாலும் பிழையானது. பிள்ளை என்ன நினைத்து அப்படிச் செய்தது, நீங்கள் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று எழுதவேண்டும். இது அநியாயம் என்று அப்போது எல்லாரும் பொருமினோம். பாடசாலையில் படிப்பித்துப் பழகும் கட்டுறு பயிற்சிக்குப் போய் முதல் கட்டுக் கொப்பியைத் திருத்தியபோது பொருமல் நின்றுவிட்டது.

நம் பிரிவு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஹற்றன் பக்கம் படிப்பிக்கிற தோழி போன மாதம் ஒரு கொப்பியைப் படம் பிடித்துப் போட்டாள். பதினாறின் கீழ் அறுபத்து நாலைச் சுருக்கச் சொன்னதற்குப் பிள்ளை மேலே ஒரு 6, கீழே ஒரு 6 வெட்டி, நாலில் ஒன்று என்று எழுதியிருக்கிறது. விடை சரி! புள்ளி எவ்வளவு போடுவது? லண்டன் பூச்சியம் என்றது, ரொறொன்ரோ பாதி என்றது, பிறகு வழக்கமான சண்டை. விடியப்புறம் சேர் எழுதினார்: "புள்ளியைப் பிறகு பார்ப்போம். இலக்கங்களுக்கு எழுத்துப் போட்டுச் சமன்பாடாக எழுதுங்கோ. இப்படி வெட்டினால் சரிவருகிற ஈரிலக்கப் பின்னம் இன்னும் மூன்று இருக்கு." மத்தியானத்துக்குள் தோழி 19/95, 26/65 இரண்டையும் போட்டுவிட்டாள். மூன்றாவதை அவளுடைய வகுப்புப் பிள்ளைதான் கண்டுபிடித்ததாம்.