பு-எர் வட்டுகளோடு யுன்னானிலிருந்து திரும்புகிறவர்கள் கவனத்துக்கு

சீனாவின் யுன்னான் மாகாணத்திலுள்ள சிசுவாங்பன்னாவில் தேயிலை வாங்குவது எளிது, வட்டமாக அழுத்தி விற்கும் பு-எர் தேயிலையும்தான். வாங்கியதைச் சேதமில்லாமல் வீடு கொண்டு சேர்ப்பதுதான் பெரும்பாடு. குன்மிங் விமான நிலையத்தில் செக்-இன், குடிநுழைவு எல்லாம் அரை மணியில் முடிந்துவிட்டன. விமானம் மாறிய இடத்தில்தான் வினை. அங்கே கைப்பையை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். ஒரு பணியாளர் பு-எர் வட்டைச் சுற்றிய காகிதத்தைக் கிழித்தே பார்த்தார். வாக்யூம் பாக்கெட் ஒன்றின் முனையையும் கத்தரித்தார். இப்போதும் அந்தக் காகிதத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஆனால் அவர் பையை நிறுத்தியதில் தப்பில்லை. ஒரு வட்டு வழக்கமாக 357 கிராம். ஏழு வட்டுகளை மூங்கில் மட்டையில் கட்டினால் ஒரு ‘தோங்’, அதாவது இரண்டரைக் கிலோ. ஆவி காட்டி இறுக்கி அழுத்திய இலை என்பதால் ஸ்கேனர் திரையில் அடர்த்தியான ஆரஞ்சுத் திட்டாக விழும். கரிமப் பொருள்களுக்கெல்லாம் அந்த நிறம்தான். சில வெடிமருந்துகளும் அப்படியேதான் தெரியும். ஏழும் அடுக்காக இருந்தால் பையைத் திறக்காமல் விடவே மாட்டார்கள்.

அதனால் தோங்கைச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் இரண்டு வட்டுக்கு மேல் வேண்டாம். அவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வையுங்கள். வட்டின் பின்பக்கம் காகிதம் கொசுவி மடிக்கப்பட்டு, நடுக்குழியில் முறுக்கிச் செருகப்பட்டிருக்கும். பழக்கமில்லாத கை அதைப் பிரித்தால் கட்டாயம் கிழியும். கிளம்புவதற்கு முந்தின இரவே நீங்களே பிரித்து, முறுக்காமல் தளர்வாக மடித்து, ஒவ்வொரு வட்டையும் கண்ணாடி போன்ற ஜிப்லாக் கவரில் போட்டுவிடுங்கள். பையின் மேல்மட்டத்தில் இருக்கட்டும். சோதனையில் ‘நானே பிரித்துக் காட்டட்டுமா’ என்று முதலிலேயே கேளுங்கள். எல்லா இடத்திலும் விடமாட்டார்கள், ஆனால் கேட்டவுடன் அவர்கள் கை கொஞ்சம் நிதானப்படும்.

வாக்யூம் பாக்கெட்டுகளுக்காக நாலு காலி ஜிப்லாக் கவர் கூடவே வைத்திருங்கள். முனை போனதும் காற்றை அழுத்தி வெளியேற்றி உடனே மூடினால் பச்சைத் தேயிலையைக் கூடக் காப்பாற்றலாம். வட்டுக்கு வாக்யூம் தேவையே இல்லை; கடைக்காரர் போட்டுத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாசனைதான் அதற்கு எதிரி. சோப்பு, சென்ட், மசாலா எதுவும் ஒரே பெட்டியில் கூடாது.

வட்டைப் பெயர்க்கும் ஊசி கைப்பையில் இருந்தால் பறிபோகும். செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும்.

யுன்னானின் ஜியான்ஷுய் ஊரில் செய்த களிமண் தேநீர்க் கெண்டி ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது, அந்த மட்டில் நிம்மதி. மூடியைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். மூடியோடு கட்டினால் விளிம்பு உரசிச் சில்லு பெயரும். உள்ளே வாசனையில்லாத டிஷ்யூவை அடைத்து வையுங்கள். சலவைத்தூள் மணக்கும் சாக்ஸைத் திணிக்காதீர்கள், கண்ணாடிப் பூச்சு இல்லாத மண் அந்த மணத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் உடைவது மூக்கின் நுனிதான். மூக்குக்கும் கைப்பிடிக்கும் தனியாகத் துணி சுருட்டி, வயிற்றுப் பகுதியின் அளவுக்கு மேடாக்கிவிட்டு, அதன்மேல் மொத்தமாகச் சுற்றுங்கள். கெண்டி கைப்பையில்தான் வர வேண்டும்.

இறங்கும் ஊரின் சுங்கத்தில் ‘விலை என்ன’ என்று கேட்டால், தோட்டக்காரர் கையால் எழுதித் தந்த சீனத் துண்டுச்சீட்டு உதவாது. அலிபே, வீசாட் செயலிகளில் பணம் கட்டிய விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள். உணவு, தாவரப் பொருள் இருக்கிறதா என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்றே குறியுங்கள். மறைத்துப் பிடிபட்டால் தேயிலையோடு அபராதமும் போகும். ஆரஞ்சுத் தோலுக்குள் அடைத்த பு-எர், மூங்கில் மட்டை, தேயிலை விதை மூன்றும் தாவரச் சோதனையில் கேள்விக்குள்ளாகக் கூடியவை. மட்டையை அங்கேயே கழற்றி விட்டு வருவது நல்லது. விதையைத் தொடவே வேண்டாம், அதற்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும்.

வீடு வந்ததும் ஆவலில் பாக்கெட்டைத் திறந்துவிடாதீர்கள். விமானச் சரக்கறைக் குளிரில் வந்த இலையில் வெளிக்காற்றின் ஈரம் படியும். ஓர் இரவு மூடியே கிடக்கட்டும். வட்டை இரண்டு வாரம் ஆறப்போட்டு அப்புறம் ருசி பாருங்கள். முனை வெட்டுப்பட்ட பாக்கெட்டை மட்டும் முதலில் குடித்துத் தீர்த்துவிடுங்கள்.